தாயோடு இருந்த ஒயின்: ககேத்தியில் ஐந்து நாட்கள்

முதல் நாள்

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இசானி மெட்ரோ நிலையத்துக்கு வெளியே தெலாவி போகும் ஷேர் டாக்ஸிகள் நிற்கின்றன. ஆள் சேர்ந்ததும் கிளம்பும். நானும் கணவரும் போனபோது உள்ளே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஏறியதுமே வண்டி புறப்பட்டுவிட்டது.

கோம்போரி மலைப்பாதை முழுக்க மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. அக்டோபர் முதல் வாரம். மலையின் மறுபக்கம் இறங்கும்போது அலசானி சமவெளி திறந்துகொண்டது. அதற்கு அப்பால் மதில் மாதிரி காக்கசஸ் மலைத்தொடர். உச்சியில் மட்டும் புதுப்பனி. அந்த மதிலுக்குப் பின்னால் ரஷ்யாவின் தாகெஸ்தான். இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை திராட்சைத் தோட்டம்தான். ஜார்ஜியாவின் திராட்சையில் பெரும்பகுதி இந்தக் ககேத்தி மாநிலத்தில்தான் விளைகிறது.

இங்கே வர வேண்டும் என்று ஏழெட்டு வருடமாக எனக்கு ஆசை. திபிலிசிக்குத் தெற்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் எச்சம் இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பானைகளின் வயது ஏறக்குறைய 8,000 வருடம். அந்தச் செய்தியைவிட, இங்குள்ள கிராம வீடுகளில் இன்றும் மண்தாழியில்தான் ஒயின் வைக்கிறார்கள் என்ற கடைசிப் பத்தி என்னைப் பிடித்துக்கொண்டது. பழையதைத் தோண்டி எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பழையது இன்னும் சமையலறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் போய்ப் பார்க்காமல் எப்படி?

மதியம் நெடுஞ்சாலையோரம் ஒரு பெரிய ஒயின் ஆலையில் முன்பதிவு செய்திருந்தோம். இருபது நிமிடத்தில் ஐந்து கிளாஸ், வாசலில் அடுத்த பஸ். தாழிகளைக் காட்டுங்கள் என்று கேட்டேன். இன்று நேரமில்லை என்றார்கள். அதற்கு மேல் எழுத அங்கே ஒன்றுமில்லை.

சாயங்காலம் நாங்கள் தங்கப்போகும் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தெலாவியிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் ஒரு கிராமம். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பேத்தி திபிலிசியில் படிக்கிறாள். அறுவடைக்காக வந்திருக்கிறாள். ஆங்கிலம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எங்களுக்கு நாக்கும் காதும் அவள்தான். அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்திலேயே நாங்கள் சிரித்துவிட்டோம். ஜார்ஜிய மொழியில் அப்பாவை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அம்மாவுக்கு 'தேதா'.

உட்கார்ந்ததும் தாத்தா ஒரு மண்கூஜாவைக் கொண்டுவந்து ஊற்றினார். வெள்ளைத் திராட்சை ஒயின் என்றாள் பேத்தி. கிளாஸில் இருந்ததோ நன்றாக ஊறிய தேயிலைத் தண்ணீரின் நிறம். ஒரு வாய் குடித்தேன். நாக்கைப் பிடித்து இழுக்கிற துவர்ப்பு. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி ஈறெல்லாம் இறுகியது. பழவாசனை தேடினேன், கிடைக்கவில்லை. தாத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "பழக்கமில்லாத ருசி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ சொன்னார். "நாளைக்குத் தோட்டத்துக்கு வாருங்கள் என்கிறார்" என்றாள் பேத்தி.

இரண்டாம் நாள்

அறுவடைக்கு இங்கே 'ர்த்வேலி' என்று பெயர். வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். காலை ஏழரைக்குத் தோட்டத்தில் நாங்கள் இருவரையும் சேர்த்துப் பதினான்கு பேர். ஆளுக்கொரு சின்னக் கத்தரி, ஒரு பக்கெட்.

ர்காட்சிதேலி என்ற ரகம்தான் இங்கே நிறைய. பெயருக்குச் 'சிவந்த காம்பு' என்று அர்த்தம். கொடியின் இளந்தண்டைத் திருப்பிப் பார்த்தால் உண்மையிலேயே சிவப்பு ஓடியிருக்கிறது. பழம் பச்சையும் பொன்னும் கலந்த நிறம், வெயில்பட்ட பக்கத்தில் மட்டும் பழுப்புப் புள்ளிகள். தோல் தடிமன். ஒன்றை வாயில் போட்டு மெல்லச் சொன்னார் தாத்தா. சாறு தேன். ஆனால் தோலைத் துப்பாமல் மென்றுகொண்டே இருந்தபோது நேற்று ராத்திரி குடித்த அதே துவர்ப்பு வந்தது. "அதுதான்" என்கிற மாதிரி விரலை உயர்த்திக் காட்டினார்.

மற்ற நாடுகளில் வெள்ளை ஒயின் செய்யும்போது பழத்தைப் பிழிந்து, தோலையும் விதையையும் ஒதுக்கிவிட்டு, சாற்றை மட்டும் நொதிக்க விடுவார்கள். அதனால்தான் நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்பு இருக்காது. ககேத்தியில் சாறு, தோல், விதை, காம்பு எல்லாம் சேர்ந்தே தாழிக்குள் போகிறது. ஐந்தாறு மாதம் அப்படியே கிடக்கிறது. வெளியுலகம் இதை ஆரஞ்சு ஒயின் என்கிறது. இங்குள்ளவர்கள் அம்பர் நிற ஒயின் என்கிறார்கள். அந்தச் சக்கைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரைக் கேட்டதும் நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். 'தேதா'. அம்மா. ஒயின் இத்தனை மாதம் சக்கையில் கிடந்தது என்று சொல்ல மாட்டார்களாம். தாயின் மேல் இருந்தது என்பார்களாம்.

தோட்டத்தின் கடைசியில் நான்கே நான்கு வரிசை வேறு மாதிரி இருந்தது. கிசி என்ற ரகம். 1985இல் கோர்பச்சேவ் மது எதிர்ப்பு இயக்கம் தொடங்கியபோது, சோவியத் முழுக்கத் திராட்சைத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டன. தாத்தாவுக்கு அப்போது முப்பது வயது. கூட்டுப்பண்ணைத் தோட்டத்தில் கொடிகளை டிராக்டர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கிசி மட்டும் தப்பித்தது. அளவில் நிறையக் காய்க்கும் ர்காட்சிதேலியைத்தான் அரசுப் பண்ணைகள் கேட்டன. கிசி மாதிரி ரகங்கள் இப்படி வீட்டுக் கொல்லைகளில் ஒதுங்கித்தான் பிழைத்தன. இந்தச் சின்ன நாட்டில் 500க்கும் மேற்பட்ட உள்ளூர்த் திராட்சை ரகங்கள் உண்டு. அவற்றில் எத்தனை, இந்த மாதிரி யாரோ ஒருவர் பிடிவாதமாக வெட்ட மறுத்ததால் மிஞ்சியவையோ!

மகன் சொன்னது வேறு கதை. 2006இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. அதுவரை ஏற்றுமதியில் பெரும்பங்கு ரஷ்யாவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2013இல்தான் தடை நீங்கியது. நடுவில் திராட்சையை வாங்க ஆளில்லாமல் இவர்கள் ஒரு வருடம் தோட்டத்திலேயே விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான், பழத்தை விற்பதை விட்டுவிட்டுத் தாத்தாவின் தாழி ஒயினையே பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று முடிவெடுத்தார்களாம். அதே 2013இல் யுனெஸ்கோ இந்தத் தாழி முறையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டுக்காரர்கள் தேடிவர ஆரம்பித்தார்கள்.

மதியம் வீடு திரும்பியதும் தாழி கழுவும் வேலை. இந்தப் பயணத்தில் நான் பார்க்க வந்தது இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

ஒயின் அறைக்கு 'மரானி' என்று பெயர். மண்தரை. தரையில் வட்டவட்டமாக ஏழு வாய்கள் மட்டும் தெரிகின்றன. கழுத்துவரை பூமிக்குள் புதைந்த தாழிகள். இவைதான் க்வெவ்ரி. நம் ஊரில் முதுமக்கள் தாழியைப் பார்த்தவர்களுக்கு வடிவத்தை விளக்க வேண்டியதில்லை. முட்டை வடிவம், அடி கூம்பு, வாய் குறுகல். நமக்கு அது இறந்தவர்களோடு சேர்ந்த பாத்திரம். இங்கே உயிரோடு குமிழியிடுகிற ஒன்று. நம் பழம்பாட்டுகளிலும் நிலத்தில் புதைத்துப் பழுக்கவைத்த தேறல் வருகிறது. அந்த வரி எனக்கு இத்தனை நாளும் வெறும் வரியாகவே இருந்தது.

அன்று நிரப்பவேண்டிய தாழி 1,500 லிட்டர் கொள்ளும். பேரன் சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் சேர்த்து, தோளைக் குறுக்கி, வாய்க்குள் இறங்கினான். ஆள் முழுதாக மறைந்துவிட்டான். செர்ரி மரப்பட்டையை அடுக்கடுக்காகக் கட்டிய ஒரு தேய்ப்பானை மேலிருந்து கொடுத்தார்கள். சரக், சரக் என்ற சத்தம் பூமிக்கடியிலிருந்து வந்தது. நடுவே அவன் பாட ஆரம்பித்தான். தாழி அந்தக் குரலை வாங்கி இரண்டு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது.

கழுவிய தண்ணீரை முகந்து மேலே அனுப்புவான். தாத்தா பார்ப்பார். கொட்டிவிட்டு "இன்னொரு தடவை" என்பார். நான் எண்ணினேன். ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை வந்த தண்ணீரைக் கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மடமடவென்று குடித்துவிட்டார். தாழி சுத்தமாகிவிட்டது என்பதற்கு அவருக்கு வேறு சோதனை கிடையாது. நான் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். ஈர மண்வாசனை, அதற்கடியில் மெலிதாகத் தேன்மெழுகு வாசனை. தாழியைச் சுட்டதும் சூடு ஆறுவதற்குள் உள்புறம் மெழுகு தடவுவார்களாம். மண்ணின் நுண்துளைகள் அதில்தான் அடைபடுகின்றன. சுவரைத் தொட்டேன். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் அது சில்லென்றிருந்தது. கோடையோ பனியோ, பூமி அந்தக் குளிர்ச்சியைக் கூட்டவோ குறைக்கவோ விடுவதில்லை. மின்சாரமில்லாத குளிர்பதனம்.

இருட்டியதும் திராட்சை மிதித்தார்கள். ஒரே அடிமரத்தைக் குடைந்து செய்த நீளமான தொட்டி. 'சத்ஸ்னாகேலி' என்கிறார்கள். குடிப்பழக்கம் இல்லாத என் கணவரைத்தான் முதலில் ஏற்றிவிட்டார்கள். முழங்கால்வரை கழுவிக்கொண்டு ஏறினார். தொட்டியின் ஓரத்துத் துளை வழியே சாறு நூலாக ஆரம்பித்து, கயிறாகி, தாழிக்குள் விழுந்தது. பாட்டி நடுவில் ஒரு கிளாஸ் பிடித்து அவரிடமே நீட்டினார். அவர் காலால் மிதித்த சாறு. இவ்வளவு இனிப்பான எதையும் குடித்ததில்லை என்றார். சாறு வடிந்த பிறகு சக்கையை அள்ளி அள்ளி அதே தாழியில் போட்டார்கள். ஈஸ்ட் எதுவும் சேர்க்கவில்லை. பழத்தோலோடு வந்ததே போதுமாம்.

மூன்றாம் நாள்

இன்றுதான் ஒயின் ருசிபார்க்கும் நாள். தாத்தா காலையில் அனுமதிக்கவில்லை. வெறும் வயிற்றிலும் கூடாது, தனியாகவும் கூடாது. மதியத்துக்கு மேல் மரானியிலேயே மேசை போட்டார்கள். படகு வடிவ ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய கத்தரிக்காய், வாதுமை போலக் கெட்டியான பழைய அக்ரூட் பருப்பு.

முதலில் தாயில்லாத ஒயின். அதாவது சாற்றை மட்டும் நொதிக்கவைத்த ர்காட்சிதேலி. வெளிர் மஞ்சள், பச்சை ஆப்பிள் புளிப்பு, சுத்தமான ருசி. குடித்து முடித்த மறுநிமிடம் வாயில் எதுவும் மிச்சமில்லை.

அடுத்தது அதே பழம், தாயோடு ஆறு மாதம் இருந்தது. முதல் நாள் ராத்திரி நான் முகம் சுளித்த அதே ஒயின். இந்தத் தடவை பாட்டி சொன்னபடி, முதலில் ஒரு துண்டு பாலாடைக்கட்டி, பிறகு ஒரு வாய். துவர்ப்பு வந்தது. ஆனால் அந்த உப்பையும் கொழுப்பையும் அது துடைத்தெடுத்துவிட்டுத் தானும் நகர்ந்துகொண்டது. பின்னாலேயே உலர்ந்த ஆப்ரிகாட் பழம், தேன், கொஞ்சம் தேயிலை. நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அப்படி, அடுத்த ரொட்டித்துண்டு இனித்தது. அன்று நான் இதை வெறும் வயிற்றில் குடித்திருந்தேன். சாப்பாட்டோடு சேர வேண்டியதைத் தனியாக நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

துவர்ப்பு இன்னும் அதிகமாக இல்லாததற்கும் தாழியின் வடிவம்தான் காரணம் என்று மகன் விளக்கினார். நொதித்து முடிந்ததும் விதைகள்தான் முதலில் கீழே போகும். கூம்பின் முனையில் அவை ஒதுங்க, மேலே தோலும் காம்பும் படிந்து மூடிவிடும். அதிகக் கசப்பு விதையில்தான் இருக்கிறது. அது ஒயினைத் தொடாமல் அடியில் அடங்கிவிடுகிறது. எந்தப் பொறியாளரும் வரைந்து தராத வடிவம்.

மூன்றாவது கிசி. இந்த நான்கு வரிசைக்காகவே ககேத்திக்கு வரலாம். பழுத்த பேரிக்காய் வாசனை கிளாஸ் மூக்குக்கு வரும் முன்பே வந்துவிட்டது. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் கரடுமுரடாக இல்லை, பட்டுத்துணியை உள்பக்கமாகத் தடவுவது போல. விழுங்கிய பிறகு புகையிலை போல ஏதோ ஒன்று வெகுநேரம் நின்றது. ர்காட்சிதேலியைவிட எனக்கு இதுதான் மேல். சொன்னேன். தாத்தா எழுந்துவந்து என் உச்சியில் முத்தமிட்டார்.

கடைசியில் சப்பெராவி. பெயருக்குச் 'சாயம்' என்றே பொருள். பெரும்பாலான கறுப்புத் திராட்சையில் தோலில்தான் நிறம் இருக்கும், உள்ளே சதை வெளிறியிருக்கும். சப்பெராவிக்குச் சதையும் சிவப்பு. ஒயின் கறுப்பென்றே சொல்லலாம். புளிப்பும் துவர்ப்பும் சரிக்குச் சரி. பேசும்போது எல்லோருக்கும் பல் நீலமாகிவிட்டது.

ருசிபார்த்தல் எப்போது விருந்தாக மாறியது என்று தெரியவில்லை. அக்கம்பக்கத்து ஆண்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். இங்கே யாரும் தன்பாட்டுக்குக் கிளாஸை எடுத்துக் குடிப்பதில்லை. 'தமடா' என்று ஒருவர் இருப்பார். அவர் எழுந்து, எதற்காகக் குடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அன்று அவர் தாத்தாதான். சமாதானத்துக்கு ஒன்று. விருந்தாளிகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடப் பேச்சு. கடைசியில் எல்லோரும் "காவ்மார்ஜோஸ்!" அண்டைவீட்டுக்காரர்கள் மூன்று குரலில் பாடினார்கள். ஒருவர் கீழே ஒரே சுருதியைப் பிடித்துக்கொள்ள, மற்ற இரண்டும் அதன்மேல் பின்னிக்கொண்டு போயின.

பிறகு இறந்தவர்களுக்கு. சத்தம் அடங்கியது. பாட்டி ஒரு ரொட்டித்துண்டை எடுத்து அதன்மேல் நான்கு சொட்டு ஒயின் விட்டார். அவருடைய மூத்த மகன் பெயரைச் சொன்னார். அப்படி ஒரு மகன் இருந்ததே எங்களுக்கு அதுவரை தெரியாது. பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் காத்திருந்தார். பேத்தி மெதுவாக, "உங்கள் வீட்டில் யாராவது…" என்றாள். என் கணவர் அவருடைய அப்பா பெயரைச் சொன்னார். போன மாசிக்கு ஒரு வருடம் முடிந்திருக்கிறது. பாட்டி அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, சரியாக வந்ததும் அதே ரொட்டியில் இன்னும் சில சொட்டு விட்டார். வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதர் அவர். அது அப்போது எங்கள் இருவருக்குமே தவறாகப் படவில்லை. மாமனாருக்கு ஒரு வாய் ரொட்டியும் யாரோ ஒரு தாயின் கையும் கிடைத்தது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள்

தலைவலி இல்லை. அதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

காலையில் இகால்தோ. பழைய மடாலயம், இடைக்காலத்தில் இங்கே ஒரு கல்விக்கூடமும் இருந்தது. முற்றத்தில் பழைய தாழிகள் கிடக்கின்றன. முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் பார்க்க முடியும், மரானியில் வாய் மட்டும்தான் தெரியும். ஒன்றின் பக்கத்தில் போய் நின்றேன். என்னைவிட உயரம்.

அங்கிருந்து அலாவெர்தி. 11ஆம் நூற்றாண்டுப் பேராலயம், சமவெளியின் நடுவில் 50 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். துறவிகள் இன்றும் தாழியில் ஒயின் வைக்கிறார்கள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது பின்னால் மலை, முன்னால் ஆலயத்தின் மதிலை ஒட்டித் திராட்சை வரிசைகள்.

மதியம் வர்திசுபானி. தாழி வனையும் ஊர். இத்தனை பெரிய பாத்திரத்தைச் சக்கரத்தில் வனைய முடியாது. மண்ணை முறுக்குத் திரி மாதிரி உருட்டி, வளையமாக ஏற்றி, கையால் ஒட்டித் தேய்க்கிறார்கள். ஓரளவு உயர்ந்ததும் நிறுத்தி, இறுகக் காத்திருந்து, மறுபடி ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தன் எடையிலேயே தாழி குந்திவிடும். அதனால் பக்கத்தில் பக்கத்தில் ஏழெட்டுத் தாழிகளை ஒரே நேரத்தில் வளர்க்கிறார்கள். ஒன்று இடுப்பளவு, ஒன்று மார்பளவு. குயவர் ஒவ்வொன்றையும் சுற்றிச் சுற்றியே நடக்கிறார். தரையில் அவர் கால் தடம் வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. இந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது நாட்டிலேயே கொஞ்சம் பேர்தான். ஒயினுக்கு உலகமெங்கும் ஆள் இருக்கிறார்கள். இந்த வட்டத்தில் நடக்க ஆள் வேண்டுமே என்ற கவலையோடுதான் வெளியே வந்தேன்.

ஐந்தாம் நாள்

டாக்ஸி பத்து மணிக்கு. ஆறரைக்கே பேத்தி கதவைத் தட்டினாள். "ஆரம்பித்துவிட்டது, வாருங்கள்."

நாங்கள் நிரப்பிய தாழி. மேலே சக்கை தடித்த அடையாக எழும்பி நின்றது. முகத்தை வாய்க்கு நேரே கொண்டுபோகக் கூடாது என்று தாத்தா கையால் தடுத்தார். நொதிக்கும்போது கிளம்பும் கரியமில வாயு மூச்சை அடைத்துவிடும். ஓரமாக மண்டியிட்டுக் காதை மட்டும் சாய்த்துக் கேட்டேன். நெல் கொதிவரும் அண்டாவைத் தள்ளியிருந்து கேட்பது போல ஒரு சத்தம். நெருப்பே இல்லாத கொதி.

இந்த அடையை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அழுத்திச் சாற்றுக்குள் இறக்க வேண்டும், ராத்திரியிலும். இல்லாவிட்டால் மேலே காய்ந்து கெட்டுவிடும். நொதிப்பு அடங்கித் தாய் தானாகக் கீழே இறங்கிய பிறகு மூடி வைத்து, ஓரத்தைக் களிமண்ணால் பூசிவிடுவார்கள். ஏப்ரல்வாக்கில்தான் திறப்பு.

துடுப்பு மாதிரியான கட்டையைத் தாத்தா என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் அழுத்தினேன். அடை அசையவில்லை. உடம்பின் எடை முழுவதையும் போட்டதும் ஓர் இடத்தில் மட்டும் பிளந்தது. அந்தப் பிளவு வழியே இளஞ்சூடான சாறு பொங்கி மேலே வந்து, தோல்களை நனைத்து, மறுபடி மூடிக்கொண்டது. "இன்னும்" என்றார் தாத்தா. அந்த ஒரு வார்த்தையை இந்த ஐந்து நாளில் நானே புரிந்துகொள்ளப் பழகியிருந்தேன். கட்டையை இன்னொரு இடத்தில் ஊன்றினேன்.